சாவியைக் கொடுத்துட்டா வித்ததா ஆயிடுமா?

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. ஆர்.டி.ஓ. பதிவைப் பத்தின பதிவுங்கறதால ரெண்டு மடங்கு காரம்.

பே ஏரியால நாலு தமிழ்க் குடும்பம் ஒண்ணு சேர்ந்தா, புளியோதரை தீர்றதுக்குள்ள ஊர்ப் பேச்சு வந்துடும். ஊர்ல விட்டுட்டு வந்த வீடு, நிலம், வண்டி. வீட்டுக்கு வரி கட்டின ரசீது, நிலத்துக்கு வில்லங்கம், வாடகைக்காரர் அட்வான்ஸ்னு விரல் நுனில கணக்கு வச்சிருக்கற நம்மாளுங்க, வண்டின்னு வந்தா மட்டும் அப்படியே கையை விரிப்பாங்க. "அதை மெக்கானிக் பையன்கிட்ட கொடுத்தாச்சு தல. ஆர்.சி. எங்கயோ போச்சு. பேரா? என் பேர்லதான் இருக்கும். பரவால்ல, பழைய வண்டிதானே."

என் சண்டை அந்த 'பரவால்ல'வோடதான்.

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம். ஆர்.சி. தொலைஞ்ச வண்டிக்குப் பேர் மாத்தற வேலையை, வாங்கினவர் தலையால தண்ணி குடிச்சாலும் தனியா செய்ய முடியாது. பேர்ல இருக்கறவர் வந்து முதல் முடிச்சை அவுக்கணும். அந்த ஆளு நாமதான். நாம விமானம் ஏறி வந்துட்டோம். அப்புறம் "இந்தியா திருந்தாது"ன்னு இங்க உக்காந்து ஜல்லி அடிக்கிறோம்.

ஒரு நண்பர் கதை. பேர் வேண்டாம். சொந்த ஊர் புத்தூர். சென்னைலேர்ந்து திருத்தணி, நகரி தாண்டி திருப்பதி போற வழில வருமே, எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர் போன ஊர், அதேதான். வீட்ல தமிழ், பள்ளிக்கூடத்துல தெலுங்கு. 2006ல முதல் சம்பளத்துல பைக் வாங்கினார். ஏபி-03 எண். ரெண்டு வருஷம் ஓட்டினார், அப்புறம் எச்-1பி, கலிபோர்னியா. பைக்கை நைனாகிட்ட விட்டுட்டு வந்தார். நைனா ஓட்டினவரைக்கும் ஓட்டினார், முட்டி வலி வந்ததும் நிறுத்திட்டார். வீடு வெள்ளையடிச்சப்ப ஆர்.சி. இருந்த பை காணாமப் போச்சு. தெருமுனை மெக்கானிக் வந்து, "பெரியவரே, சும்மா துருப்பிடிக்குது, நம்ம பையன் ஒருத்தன் கேக்கறான்"னார். ஏழாயிரம் ரூபாய். முத்திரைத்தாள்ல நாலு வரி, நோட்டரி கையெழுத்து. நைனா போன்ல சொன்னார், நண்பர் "சரிங்க நைனா, கொடுத்துடுங்க"ன்னார். முடிஞ்சது.

முடியலை. அந்தப் பையன்கிட்டேர்ந்து திருத்தணிப் பக்கம் ஒருத்தர், அவர்கிட்டேர்ந்து இன்னொருத்தர். எல்லைக்கு இந்தப் பக்கம் வந்த ஏபி வண்டி, இன்ஷூரன்ஸ் இல்லாம, பதினஞ்சு வருஷம் முடிஞ்சு புதுப்பிக்காம ஓடிட்டே இருந்தது. ஒருநாள் விடிகாலைல ரோட்டோரம் கூடையோட நடந்து போன ஒரு பூக்காரம்மா மேல ஏறிடுச்சு. தொடை எலும்பு ரெண்டு இடத்துல முறிவு. ஓட்டினவர் பேர்ல சொத்து சுகம் ஒண்ணும் கிடையாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்து சம்மன் எங்க வந்தது தெரியுமா? புத்தூர்ல, எழுபது வயசு தாண்டின நைனா வீட்டு வாசலுக்கு. பேர்: நம்ம நண்பர்.

"நான் அதை எப்பவோ வித்துட்டேனே!"ன்னு நண்பர் குதிக்கிறார். சட்டத்தைக் கேட்டா, "நீங்க சாவியைத்தான் கொடுத்திருக்கீங்க"ங்குது.

எந்தச் சட்டம்? மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதுல 2வது பிரிவு, உட்பிரிவு 30. வண்டி யார் பேர்ல பதிவாகி இருக்கோ அவர்தான் உரிமையாளர். யார்கிட்ட சாவி இருக்கு, யார் பெட்ரோல் போடறாங்க, நோட்டரி என்ன எழுதிக் கொடுத்தார், அதெல்லாம் அங்க கேள்வியே இல்லை. (கடன் தவணைல இருக்கற வண்டி மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு உண்டு. நம்ம பைக் அதுல வராது.)

உச்ச நீதிமன்றம் இதைப் பல தடவை சொல்லியாச்சு. 2001ல சொன்னது, 2011ல சொன்னது. 2018 பிப்ரவரில மூணு நீதிபதிகள் அமர்வு இன்னும் தெளிவா சொன்னது. அந்த வழக்குல 2007ல வித்த கார், கை மேல கை மாறிப் போய், 2009 மே மாசம் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு உயிரைக் குடிச்சது. உயர் நீதிமன்றம் கடைசியா வாங்கினவர்தான் பொறுப்புன்னு சொன்னதை உச்ச நீதிமன்றம் மாத்திச்சு. பதிவுல பேர் இருக்கற முதல் ஆள்தான் பொறுப்பு. காரணம் ரொம்ப எளிமை. அடிபட்டவங்க, யார் யாருக்கு எப்ப வித்தாங்கன்னு ஒவ்வொரு கையா தேடிட்டு அலைய முடியாது. அவங்களுக்குத் தெரிஞ்சது நம்பர் பிளேட் மட்டும்தான்.

இது அநியாயம்னு நண்பர் சொன்னார். நான் இல்லைங்கறேன். அந்தப் பூக்காரம்மா பக்கம் நின்னு பாருங்க. வண்டி நம்பரை வச்சு அவங்க யாரைப் பிடிக்கணும்? வாட்ஸப்புல "டீல் முடிஞ்சது"ன்னு சொன்ன மெக்கானிக்கையா?

சரி, நம்மாளுங்க வழக்கமா சொல்ற சப்பைக்கட்டுகளை ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம்.

ஒண்ணு: "பேர் மாத்தறது வாங்கினவன் வேலைங்க."

பாதி உண்மை. 50வது பிரிவு ரெண்டு பேருக்கும் வேலை கொடுக்குது. வித்தவர் அதே மாநிலத்துக்குள்ளன்னா 14 நாளுக்குள்ள, வேற மாநிலம்னா 45 நாளுக்குள்ள தெரிவிக்கணும். வாங்கினவர் 30 நாளுக்குள்ள. படிவம் 29 வித்தவர் கொடுக்கற அறிவிப்பு. படிவம் 30ல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். ஆனா இதோட அசல் ஆர்.சி. கேப்பாங்க. அது தொலைஞ்சிருந்தா முதல்ல டூப்ளிகேட். டூப்ளிகேட்டுக்குப் படிவம் 26. அதை யார் போடலாம்? உரிமையாளர். உரிமையாளர்னா யாரு? மேல போய் உட்பிரிவு 30ஐ இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க. ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கின பையன் காலம் பூரா ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நின்னாலும் அந்த முதல் கையெழுத்து அவனுக்குக் கிடைக்காது. அது ஃப்ரீமாண்ட்ல இருக்கு.

ரெண்டு: "வெத்துப் படிவம் 29, 30ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேனே."

ஆஹா. இதுதான் புரோக்கருக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். தேதி இல்லை, வாங்கறவர் பேர் இல்லை, கீழ உங்க கையெழுத்து மட்டும். அந்தப் பேப்பர் வண்டியோட சேர்ந்து கை மாறிட்டே போகும். ஒவ்வொரு கையிலயும் "அடுத்தவன் மாத்திக்குவான்"னு விட்டுடுவாங்க. பேர் மாத்தாமலே வித்தா நடுவுல இருக்கறவங்களுக்குக் கட்டணமும் இல்லை, அலைச்சலும் இல்லை. கடைசில பேர் மட்டும் உங்களுது. வெத்துச் செக்குல கையெழுத்துப் போட்டுத் தெருவுல போடுவீங்களா? இதுக்கு மட்டும் எப்படிங்க மனசு வருது?

மூணு: "பாவம் ஏழைப் பையன். பேர் மாத்தற செலவு அவனுக்கு எதுக்கு?"

இதைக் கேட்டாதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பைக்குக்கு மத்திய விதிப்படி பதிவுக் கட்டணம் 300 ரூபாய். பேர் மாத்தறதுக்கு அதுல பாதி, 150. டூப்ளிகேட் ஆர்.சி.க்கும் அதே பாதி. அதுக்கு மேல கார்டு கட்டணம், மாநில சேவைக் கட்டணம்னு கொஞ்சம் ஏறும். ஒரே மாநிலத்துக்குள்ளன்னா அவ்வளவுதான். இங்க வெள்ளிக்கிழமை பீட்ஸாவுக்கு ஆகற காசை விடக் கம்மி.

அதை மிச்சப்படுத்தி அந்தப் பையனுக்கு நாம என்ன கொடுத்தோம்? கட்டாய விபத்துக் காப்பு 15 லட்ச ரூபாய், வண்டியோட உரிமையாளர் தானே ஓட்டும்போதுதான். பேர் மாத்தாத பையன் அடிபட்டுச் செத்தா, அந்தக் காப்பு அவன் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு வராது. பதிவைப் புதுப்பிக்கணும்னா உரிமையாளர் வேணும். வழில நிறுத்தினா, "யார் வண்டிடா இது"ங்கற கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் ஐம்பதோ நூறோ. இன்னும் மோசம், வண்டி எப்பவாவது திருட்டு வண்டின்னு பேச்சு வந்தா, பேப்பர் இல்லாதவன்தான் முதல்ல உள்ள போவான். திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு வச்சிருந்தா பாரதிய நியாய சன்ஹிதா 317வது பிரிவுப்படி மூணு வருஷம் வரைக்கும் சிறை. தெரியாதுன்னு நிரூபிக்க அவன்கிட்ட என்ன பேப்பர் இருக்கு? இரக்கம்ங்கற பேர்ல நாம அவனுக்குக் கொடுத்தது ஒரு தலைவலி. அவன் கொடுத்த ஏழாயிரம் மட்டும் நிஜம்.

நாலு: "அட, ஒரு பழைய பைக்கால என்ன பெருசா நடந்துடப் போகுது?"

திருப்பதி, சித்தூர்ப் பக்கத்து ஆளுங்க இந்தக் கேள்வியைக் கேக்கவே கூடாது. சேஷாசலம் மலைல என்ன வெட்டறாங்க, எந்த வழியா எந்த வண்டில இறங்குதுன்னு ஊருக்கே தெரியும். செம்மரம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சந்திரகிரிப் பக்கம் காட்டுல சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேர்ல பெரும்பாலானவங்க தமிழ்நாட்டுக் கூலி ஆளுங்க. மரத்தால காசு பார்த்தவங்க யாரும் அங்க சாகலை. இந்தத் தொழில்ல ஆளு எப்படி மாத்திப் போடக்கூடியவனோ, வண்டியும் அப்படித்தான். யார் பேர்லயோ இருக்கற, கை மாறி மாறி வந்த பழைய கார், பழைய வேன் கிடைச்சா சந்தோஷம். பிடிபட்டா விட்டுட்டு ஓடிடலாம். நம்பரைப் பிடிச்சுட்டு போலீஸ் போறது பழைய முதலாளி வீட்டுக்கு. ஆந்திர வனச் சட்டம் 1967, 44வது பிரிவுப்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம். எனக்குத் தெரியாம நடந்தது, நான் எச்சரிக்கையாத்தான் இருந்தேன்னு நிரூபிக்கற பாரம் உரிமையாளர் மேல. ஆர்.சி. தொலைஞ்சு, வெத்துப் படிவத்துல கையெழுத்துப் போட்டு, யார்கிட்ட போச்சுன்னே தெரியாத ஆளு "எச்சரிக்கையா இருந்தேன்"னு எந்த வாயால சொல்வார்?

இன்னும் பெருசா வேணுமா? 2025 நவம்பர் 10ஆம் தேதி தில்லி செங்கோட்டைப் பக்கத்துல வெடிச்ச கார், ஹரியானா நம்பர். பல கை மாறின வண்டி. விசாரணை முதல்ல எங்க போச்சு? பதிவுல பேர் இருந்தவர் வீட்டுக்கு. அவர் வித்து ரொம்ப நாளாச்சுன்னு விளக்க வேண்டி வந்தது. அவர் உள்ளூர்ல இருந்தார், விளக்கினார். நீங்க இருக்கறது பன்னெண்டரை மணி நேரம் பின்னால. உங்களுக்குப் பதிலா கதவைத் திறக்கப் போறது உங்க அப்பா.

அஞ்சு: "மூணு வார லீவுல இதெல்லாம் நடக்கற காரியமா?"

இது ஒண்ணுதான் கொஞ்சம் நியாயமான வாதம். அதனால இனிமே திட்டு அந்தப் பக்கத்துக்கு.

இந்த எல்லையைப் பாருங்க. படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ம.பொ.சி. வடக்கெல்லைக்காகப் போராடி ஜெயிலுக்குப் போனதெல்லாம் நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்லி வளர்ந்த கதை. சித்தூர், புத்தூர், திருப்பதி அந்தப் பக்கமே நின்னுடுச்சு. மக்கள் என்னவோ பொண்ணு கொடுத்து எடுத்து, காலைல பால், பூ, காய்கறி ஏத்திட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயிட்டுத்தான் இருக்காங்க. நகரிலேர்ந்து திருத்தணிக்கு பைக்ல போனா ஒரு டீ குடிச்சு முடிக்கற நேரம்தான் கூட ஆகும். ஆனா அந்த பைக்கோட பேப்பர் அதே எல்லையைத் தாண்டணும்னா?

ஆர்.சி. தொலைஞ்ச ஏபி-03 பைக், வாங்கினவர் திருத்தணின்னு வச்சுக்குங்க. முதல்ல எங்க தொலைஞ்சதோ அந்த ஸ்டேஷன்ல புகார். அப்புறம் படிவம் 26, டூப்ளிகேட். வங்கிக் கடன் பதிவாகி இருந்தா படிவம் 35, அதை நீக்கணும். அப்புறம் படிவம் 28, என்.ஓ.சி. திருட்டு வழக்கு, பாக்கி அபராதம் இல்லைன்னு பார்க்கணும். பிறகு படிவம் 29, 30. அப்புறம் இந்தப் பக்கம் வந்து படிவம் 27, புது டிஎன்-20 நம்பர். அதுக்குத் தமிழ்நாட்டு வரி. பழைய மாநிலத்துல கட்டின ஆயுள் வரில மீதியைத் திருப்பிக் கேக்கணும்னா அது தனிக் கதை, தனி நடை. இதுக்கு நடுவுல 2022 ஏப்ரல்ல திருப்பதி தனி மாவட்டமாச்சு. ஏபி-03ங்கற வரிசையே 2019ல ஏபி-39 வந்ததும் புது வண்டிக்கு நின்னுபோச்சு. நண்பரோட நைனா, சித்தூருக்கு பஸ் ஏறணுமா திருப்பதிக்கு ஏறணுமான்னே தெரியாம முழிச்சார்.

எலும்பு முறிஞ்சா கட்டுப் போட புத்தூர் இருக்கு. பேப்பர் முறிஞ்சா கட்டுப் போட யாரு இருக்கா? புரோக்கர்தான்.

இத்தனைக்கும் மீ-சேவா 2011 நவம்பர்ல முதன்முதலா தொடங்கினது இதே சித்தூர் மாவட்டத்துலதான். சட்டமும் ஒண்ணும் கொடூரமானது இல்லை. 48வது பிரிவுல, என்.ஓ.சி. கேட்டு 30 நாளுக்குள்ள மறுப்பு வரலைன்னா கொடுத்ததாவே அர்த்தம்னு எழுதி வச்சிருக்கு. விண்ணப்ப ரசீதை நல்லா வச்சிருந்தா அதுவே துணை. எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாததுலதானே புரோக்கர் பொழப்பு ஓடுது.

பெரிய கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும் ரோடு போட்டுக் கொடுத்தாங்க. 2021 செப்டம்பர்ல பிஎச் வரிசை வந்தது. அரசு ஊழியர், ராணுவம், நாலு அல்லது அதுக்கு மேல மாநிலத்துல ஆபீஸ் வச்சிருக்கற தனியார் கம்பெனி ஊழியர்னா, மாநிலம் மாறினாலும் நம்பர் மாத்த வேண்டாம், ரெண்டு ரெண்டு வருஷமா வரி கட்டலாம். நல்ல விஷயம். ஆனா நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவுல தினமும் பால் கொண்டு போறவருக்கு நாலு மாநிலத்துல ஆபீஸ் கிடையாதே, சார்!

இப்ப இங்க பாருங்க. கலிபோர்னியால கார் வித்தா, வித்தவர் அஞ்சு நாளுக்குள்ள டி.எம்.வி.க்குத் தெரிவிக்கணும். இணையத்துலயே செய்யலாம், காசு கிடையாது. பொறுப்பு அன்னையோட நம்ம தலையை விட்டு இறங்குது. வாங்கினவருக்குப் பத்து நாள். பிங்க் ஸ்லிப் தொலைஞ்சுதா? ஒரே படிவத்துல தொலைஞ்சதையும் சொல்லி, பேரையும் மாத்தலாம். இங்க நாம இதை எவ்வளவு ஒழுங்கா செய்யறோம்! பாலத்து டோல் பில் நம்ம பேருக்கு வந்துடுமோன்னு, காரை ஓட்டிட்டு வாங்கினவர் தெருமுனை திரும்பறதுக்குள்ள அறிவிப்பைப் போட்டுடறோம். சில டாலருக்கு அவ்வளவு பயம். அங்க ஒரு மனுஷன் கால் போற விஷயத்துக்கு 'பரவால்ல'.

அங்க மாற வேண்டியது மூணு. ஒண்ணு, வித்தவர் கொடுக்கற அறிவிப்புக்குத் தனி மதிப்பு வேணும். இப்பவும் சட்டம் வித்தவரைத் தெரிவிக்கச் சொல்லுது. ஆனா அவர் தெரிவிச்ச அன்னைக்கே பேர் நீங்கறது இல்லை, வாங்கினவரும் வந்து முடிக்கணும். அறிவிப்பு ஏறின தேதியும் வாங்கினவர் பேரும் பதிவேட்டுலயே தெரியட்டும், அடிபட்டவங்க தேட வேண்டிய ஆளும் தெரிஞ்சுடும். ரெண்டு, டூப்ளிகேட், பேர் மாத்தறது, என்.ஓ.சி. மூணும் ஒரே விண்ணப்பமா வரட்டும். மூணு, பேர்ல இருக்கறவர் எங்கன்னே தெரியாம பழைய வண்டியை வச்சுட்டுத் தவிக்கறவங்களுக்கு ஒரு கால வரம்போட, சேசிஸ் நம்பரைச் சரிபார்த்து, பொது அறிவிப்பு கொடுத்துப் பேர் மாத்தற வழி வேணும். 2023 ஏப்ரல்லேர்ந்து பழைய வண்டி வியாபாரிகளுக்கு அங்கீகாரம் வேணும், வண்டியை வாங்கினதும் தெரிவிக்கணும், அவரே உரிமையாளரா கருதப்படுவார்னு மத்திய விதி வந்திருக்கே. வியாபாரிக்கு முடிஞ்சது மத்தவங்களுக்கு ஏன் முடியாது?

ஆனா அரசாங்கம் மாறட்டும்னு காத்திருக்கறது நம்மாளுங்களுக்கு ரொம்ப வசதியான சாக்கு. அது மாறறதுக்குள்ள உங்க பேர்ல இன்னும் பத்து வருஷம் வண்டி ஓடும். அதனால, அடுத்த லீவுக்கு டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி இவ்வளவு மட்டும்.

உங்க பேர்ல, அப்பா பேர்ல என்னென்ன வண்டி இருக்குன்னு ஒரு தாள்ல எழுதுங்க. ஆர்.சி. இல்லைன்னா, வித்தாலும் விக்காட்டியும் டூப்ளிகேட்டுக்குப் போடுங்க. தமிழ்நாட்டுல தொலைஞ்சிருந்தா, தொலைஞ்ச ஆவண அறிக்கையைக் காவல்துறை இணையதளத்துலயே எடுக்கலாம். ஓடிபி வர்றதுக்கு உங்க இந்திய எண் உயிரோட இருக்கான்னு பாருங்க. நேர்ல போக முடியாதவங்க கான்சுலேட்ல சான்றொப்பம் வாங்கின அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா போய்ச் சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டணும், மறந்துடாதீங்க. அந்தப் பத்திரத்தை ஏத்துக்குவாங்களான்னு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டுக்குங்க.

அப்பா காலமாகி, வண்டி அவர் பேர்லயே இருந்தா, அது படிவம் 31. முப்பது நாளுக்குள்ள தெரிவிக்கணும், மூணு மாசத்துக்குள்ள வாரிசு பேருக்கு மாத்த விண்ணப்பிக்கணும். துக்க வீட்ல யாரும் இதை நினைக்க மாட்டாங்க, தெரியும். அதனாலதான் 2021லேர்ந்து ஆர்.சி.லயே நாமினி பேர் சேர்க்கலாம்னு விதி வந்திருக்கு. அப்பா நல்லா இருக்கும்போதே சேர்த்துடுங்க. வங்கிக் கணக்குக்குச் செய்யறோமே.

வண்டி ரொம்பப் பழசு, இத்தனை அலைச்சலுக்குத் தகுதியில்லைன்னு தோணுதா? புதுப்பிக்கற கட்டணமும் ஏறிடுச்சு, வாஸ்தவம். பதினஞ்சு வருஷம் தாண்டின பைக்குக்கு 1000, காருக்கு 5000னு 2022 ஏப்ரல்லேர்ந்து. இருபது வருஷம் தாண்டினா 2000, 10000னு 2025 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்க. அப்படின்னா முறையா உடைக்கக் கொடுத்துடுங்க. தெருமுனைக் காயலான் கடைல போட்டுட்டு வந்தா உங்க நம்பர் பிளேட் மட்டும் தனியா எழுந்து வேற வண்டில நடமாடும். அங்கீகாரம் பெற்ற உடைக்கும் மையத்துல சான்று வாங்கி, 55வது பிரிவுப்படி பதிவை ரத்து செய்யுங்க.

வாங்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர்ல இருக்கற தம்பி, மச்சான் யாராவது "பேப்பர் இல்லாத வண்டிண்ணே, பாதி விலைக்கு வருது"ன்னு போன் பண்ணா, மீதிப் பாதியை எங்க, யார் கட்டப் போறாங்கன்னு கேளுங்க. சேசிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுத்து, பதிவேட்டுல இருக்கற நம்பரோட ஒத்துப் பார்க்காம ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பேர்ல இருக்கற ஆள் நேர்ல வரலைன்னா அந்த வண்டி எவ்வளவு மலிவா இருந்தாலும் வேண்டாம்.

நண்பர் வழக்கு நடந்துட்டு இருக்கு. வக்கீல் வச்சிருக்கார். தொகை எவ்வளவு வரும், யார் எவ்வளவு கட்டணும்னு தீர்ப்பாயம் சொல்லும். எனக்கு அந்தப் பூக்காரம்மா ஞாபகம்தான் அதிகமா வருது. அவங்க கோயில் வாசல்ல கூடையை வச்சு உக்காந்து ரொம்ப மாசமாச்சாம். ஓட்டினவரை அவங்களுக்குத் தெரியும், அதே ஊர்க்காரர்தான். கொடுக்க அவர்கிட்ட ஒண்ணும் இல்லை. அவங்க கைல இருக்கறது ஒரு நம்பர், அந்த நம்பருக்குப் பின்னால அவங்க பார்த்தே இராத ஒரு பேர்.

அந்த மாதிரி எத்தனை வண்டி நம்ம பேர்ல ஊர்ல ஓடுதோ. இன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணும்போது, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டப்புறம் இதையும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க.

டிஸ்கி: கட்டணமும் நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும். கிளம்பறதுக்கு முன்னாடி உங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ஒரு தடவை உறுதிப்படுத்திக்குங்க. "எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச புரோக்கர் ஒருத்தர் இருக்கார், எல்லாம் பார்த்துக்குவார்"னு சொல்ல வர்றவங்க, பதிவை மேலேர்ந்து இன்னொரு தடவை படிக்கவும் :)